முதல் கேள்விக்கு என்ன மதிப்பு?

எந்த நிரல்மொழியைக் கற்கலாம் என்று மாணவர்கள் கேட்டால் நாம் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். பைத்தான் படி, ஜாவா படி, ஜாவாஸ்கிரிப்ட் படி என்கிறோம். இவற்றுக்குப் பாடநூல்கள் உண்டு, காணொளிகள் உண்டு, வேலைவாய்ப்பும் உண்டு. இந்தப் பதிலில் குறை சொல்ல எதுவும் இல்லை. முதலில் கற்கும் மொழி அப்படிப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும். அதில் ஓரளவு பழகிய பிறகு, அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு சிறிய நிரல்மொழியையும் தேர்ந்தெடுங்கள், அதைப் பயன்படுத்துவோர் இணையத்தில் கூடும் குழுவில் சேர்ந்து பழகுங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்லி வருகிறேன். இதைக் கேட்கும் பெற்றோர் சிலர், "வேலைக்கு உதவாததைப் படித்து என்ன செய்வது, சார்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கான என் பதில்தான் இக்கட்டுரை.

கிள்ளானில் வார இறுதி நாள்களில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கும் நான் நிரலாக்கம் சொல்லிக் கொடுக்கிறேன். நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அருகில் இருந்து பார்க்கிறேன். அறிவில் குறைவில்லை. ஆர்வத்திலும் குறைவில்லை. நிரல் ஓடாமல் நின்றுவிடும்போது, பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கேட்காமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தடை. "புரிந்ததா?" என்றால் எல்லாத் தலைகளும் ஆடும். "யாருக்குச் சந்தேகம்?" என்றால் ஒரு கையும் உயராது. கேட்டால் சிரிப்பார்களோ என்ற அச்சம் சிறு வயதிலேயே ஊறிவிட்டது. கேட்கத் தெரியாமல் பட்டம் வாங்கி வேலைக்குப் போகிறவர் அங்கேயும் கேட்காமலேயே பின்தங்குவார். இந்த அச்சத்தைப் போக்கிக்கொள்ள, சிறிய நிரல்மொழிக் குழுவைவிட நல்ல பயிற்சிக் களத்தை நான் கண்டதில்லை.

சிறியது என்றால் பயனற்றதா?

எலிக்சர் என்ற நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். நம் பள்ளி மாணவர்களில் பலர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பிரேசில் நாட்டைச் சேர்ந்த ஜோசே வாலிம் 2011இல் இதை உருவாக்கத் தொடங்கினார். 2014இல் முதல் முழுமையான பதிப்பு வெளிவந்தது. இது எர்லாங் என்ற மூத்த மொழியின் அடித்தளத்தின் மேல் இயங்குகிறது. எர்லாங் 1986இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில், ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோரால் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கப்பட்டது. ஒரு தொலைபேசி அழைப்பில் கோளாறு வந்தால் அது மற்ற அழைப்புகளைப் பாதிக்கக்கூடாது. இணைப்பகம் இரவு பகலாக நிற்காமல் இயங்க வேண்டும். இதுதான் அந்த மொழியின் பிறப்புக் காரணம். 1998இல் அது அனைவரும் இலவசமாகப் பயன்படுத்தும் திறந்த மூல மொழியாயிற்று.

நம் குடும்பக் குழுக்களில் காலை வணக்கம் சொல்ல நாம் பயன்படுத்தும் வாட்ஸ்அப், எர்லாங்கின் மேல் கட்டப்பட்டதுதான். 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் 19 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தபோது, 450 மில்லியன் பயனர்களுக்கான அந்தச் சேவையை 32 பொறியாளர்களே நடத்தி வந்தார்கள். மாணவர்கள் விளையாடும்போது பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் தளத்தின் பின்னணியில் எலிக்சர் இருக்கிறது. ஆகவே, பயன்படுத்துவோர் குறைவு என்பதால் ஒரு மொழியைப் பயனற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. அதே வேளையில், இவற்றை மட்டும் நம்பி வேலை தேடினால் நம் நாட்டில் வாய்ப்புகள் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பைத்தானை விட்டுவிட்டு இதைப் படியுங்கள் என்று நான் சொல்லவில்லை. இதையும் படியுங்கள் என்கிறேன்.

புதியவருக்குக் கிடைக்கும் இடம்

பெரிய மொழிகளின் குழுக்களில் ஒரு நாளில் வந்து குவியும் கேள்விகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் உங்கள் கேள்வியும் ஒன்று. சிறிய மொழியின் குழுவில் நிலைமை வேறு. புதிய பெயர் ஒன்று தெரிந்தாலே பழையவர்கள் கவனிக்கிறார்கள். சில வேளைகளில் மொழியை உருவாக்கியவரே வந்து பதில் எழுதுகிறார். எர்லாங்கின் தந்தையரில் ஒருவரான ஜோ ஆம்ஸ்ட்ராங், 2019இல் மறையும் வரை இணையத்தில் அறிமுகமில்லாத புதியவர்களின் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் எழுதி வந்தவர்.

புதியவர்களுக்கு இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால், அதை அடியோடு மாற்றியமைக்கும் பெர்ல் 6 திட்டத்தை 2000ஆம் ஆண்டில் அறிவித்தார். நான்கு ஆண்டுகள் கடந்தும் அது பெரும்பாலும் வடிவமைப்பு ஆவணங்களாகவே இருந்தது. 2005 பிப்ரவரியில், தைவானைச் சேர்ந்த ஆட்ரி டாங், ஹாஸ்கல் என்ற மற்றொரு சிறிய மொழியைக் கற்றுக்கொள்ளும் பயிற்சியாக, பெர்ல் 6 நிரல்களை ஓடவைக்கும் ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதற்குப் பக்ஸ் என்று பெயர்.

பொதுவாக ஒரு திட்டத்தின் மூல நிரலில் மாற்றம் செய்யும் உரிமையைப் பெற, பல மாதங்கள் உழைத்து நம்பிக்கை பெற வேண்டும். ஆட்ரி டாங் அந்த வழக்கத்தை மாற்றினார். ஆர்வத்தோடு வந்து எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் அந்த உரிமையை வழங்கினார். வந்தவர்களில் பலருக்கு ஹாஸ்கல் தெரியாது. அதனால் என்ன? மொழி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சரிபார்க்கும் சிறு சிறு சோதனை நிரல்களை எழுதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோரின் கை அதில் பட்டது. அப்படித் திரண்ட சோதனைகளே பின்னர் அந்த மொழியின் அதிகாரபூர்வச் சோதனைத் தொகுப்புக்கு அடிப்படையாக அமைந்தன. 2015 கிறிஸ்துமஸ் காலத்தில் வெளிவந்த பெர்ல் 6, 2019 முதல் ராக்கு என்ற பெயரில் வழங்குகிறது. ஆட்ரி டாங் 2022இல் தைவானின் இலக்கவியல் அமைச்சரானார்.

எல்லாருக்கும் உரிமை கொடுத்தால் யாராவது கெடுத்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். மூல நிரலின் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகிறது. தவறான மாற்றத்தைச் சில நொடிகளில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். மனம் நொந்து போன புதியவரை அப்படிக் கொண்டுவர முடியாது. அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

கதவைச் சாத்தும் ஒரு வரி

எல்லாக் குழுக்களும் இப்படி இருப்பதில்லை. என் வகுப்புக்கு வந்த ஒரு மாணவி, எஸ்.பி.எம். முடித்த விடுமுறையில் ஒரு சிறிய நிரல்மொழியைத் தானாகவே கற்றார். மூன்று வாரங்கள் அந்தக் குழுவில் மற்றவர்கள் எழுதியதை மட்டும் படித்தார். பிறகு ஓர் இரவு துணிந்து தன் முதல் கேள்வியைக் கேட்டார். வந்த பதில் ஒரே வரி: இது கையேட்டில் இருக்கிறது, போய்ப் படி. பதில் பொய்யில்லை, கையேட்டில் அது இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்தப் பக்கத்தில், எந்தத் தலைப்பில் தேட வேண்டும் என்று தெரியாததால்தானே அவர் கேட்டார்? மறுநாள் அவர் அந்தக் கேள்வியை அழித்துவிட்டார். இரண்டு மாதங்கள் எந்தக் குழுவிலும் எழுதவில்லை.

பின்னர் நாங்கள் வற்புறுத்தியதால் வேறொரு சிறிய மொழியின் குழுவில் சேர்ந்தார். அங்கேயும் கையேட்டில் உள்ள ஒன்றைத்தான் கேட்டார். அங்கு வந்த பதில் வேறு விதமாக இருந்தது. உரிய பக்கத்தின் இணைப்பைக் கொடுத்துவிட்டு, "இந்த இடம் பலருக்கும் குழப்பமாக இருக்கிறது. எந்த வாக்கியம் உங்களைக் குழப்பியது என்று சொன்னால் நாங்கள் திருத்திவிடுவோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மாணவி சொன்னார். அவரையே திருத்தி எழுதச் சொன்னார்கள். மாறியது ஒரு வாக்கியம்தான். ஆனால் மாற்றங்களின் பதிவில் அவருடைய பெயர் ஏறியது. இன்று அவர் அந்தக் குழுவில் அடிக்கடி பதில் எழுதும் உறுப்பினர். அதே மாணவி, அதே தரத்தில் இரண்டு கேள்விகள். முதல் குழு ஓர் உறுப்பினரை இழந்தது. இரண்டாவது குழு ஒருவரைப் பெற்றது.

நியூயார்க்கில் நிரலாளர்கள் கூடிக் கற்கும் ரிக்கர்ஸ் சென்டர் என்ற அமைப்பில் சில எளிய நடத்தை விதிகள் உண்டு. அவற்றில் ஒன்று: ஒருவர் தெரியாது என்று சொல்லும்போது வியப்பது போல் காட்டாதே. "என்ன, இதுகூடத் தெரியாதா?" என்று நம் வீட்டிலும் பள்ளியிலும் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்தக் கேள்வியால் கேட்கிறவருக்கு அறிவு வளர்வதில்லை. சொல்கிறவருக்குக் கொஞ்சம் பெருமை கிடைக்கிறது, அவ்வளவுதான். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமாக 2008 முதல் இயங்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோகூட, புதியவர்களைத் தாங்கள் நன்றாக வரவேற்பதில்லை என்று 2018இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய தளத்துக்கே அது கவலையாயிற்று என்றால், சில ஆயிரம் பேரைக் கொண்ட மொழிக்கு ஒவ்வொரு புதியவரும் எவ்வளவு முக்கியம்!

தமிழ் பேசும் நமக்கு இது தெரியாத பாடம் அல்ல. தட்டுத் தடுமாறித் தமிழ் பேசும் இளைஞரின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தால், அடுத்த முறை அவர் ஆங்கிலத்திலோ மலாயிலோ பேசிவிட்டுப் போவார். பேசுவோர் குறைவாக உள்ள எந்த மொழிக்கும் விதி ஒன்றுதான்.

கேட்கவும் கற்க வேண்டும்

வரவேற்கும் பொறுப்பு மூத்தவர்களுடையது என்பதால், புதியவருக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. பதில் சொல்கிறவர்கள் சம்பளம் வாங்குபவர்கள் அல்லர். வேலை முடிந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து உட்காரும் தன்னார்வலர்கள். அவர்களின் நேரத்தை மதித்துக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது.

என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது என்ற நான்கையும் எழுதுங்கள். பிழைச்செய்தியை முழுதாகப் படியெடுத்து எழுத்தாகவே போடுங்கள்; கைப்பேசியில் திரையைப் படம்பிடித்து அனுப்பினால் மற்றவர் அதை ஓட்டிப் பார்க்க முடியாது. மொழியின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். 300 வரி நிரலை அப்படியே கொட்டாமல், பிழை வரும் பத்து வரியை மட்டும் பிரித்தெடுங்கள். அப்படிப் பிரிக்கும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும் என்பதை என் வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம். இக்குழுக்களில் இருப்போர் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. சிறிய, நேரான வாக்கியங்கள் போதும். உடனே பதில் வரவில்லை என்றால் மனம் தளரவும் வேண்டாம். நாம் காலை 10 மணிக்குக் கேட்கும்போது லண்டனில் விடியற்காலை 2 அல்லது 3 மணி. அவர்கள் எழுந்து வரும்வரை பொறுங்கள். அதே கேள்வியை நான்கு இடங்களில் போடாதீர்கள். விடை கிடைத்ததும் நன்றி சொல்லுங்கள், எது பலித்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே சிக்கலோடு வருகிறவருக்கு அந்த ஒரு வரி உதவும்.

எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுக்கொள்ளலாமே, மனிதர்கள் எதற்கு என்று மாணவர்கள் இப்போது கேட்கிறார்கள். கேட்கலாம், நானும் கேட்கிறேன். ஆனால் அதிகம் எழுதப்படாத மொழிகளில் அது இல்லாத கட்டளைகளை இருப்பதாகச் சொல்லிவிடுவதும் உண்டு. சரியா தவறா என்று பிரித்தறிய, அந்த மொழியில் புழங்குகிறவர்கள் வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. இயந்திரத்திடம் தனியாகக் கேட்ட கேள்வி உங்களோடு முடிந்துவிடுகிறது. குழுவில் கேட்ட கேள்வி பலருக்கும் பயன்படுகிறது. கையேட்டைத் திருத்த வைக்கிறது. உங்களை நாலு பேருக்கு அறிமுகப்படுத்துகிறது. கேட்கும் கூச்சத்தைப் போக்க இயந்திரத்தால் ஆகாது. அதனிடம் யாருக்கும் கூச்சம் இல்லையே!

எங்கிருந்து தொடங்குவது?

கேத்ரினா ஓவன் 2013இல் தொடங்கிய எக்ஸர்சிசம் என்ற தளத்தில் 70க்கும் மேற்பட்ட நிரல்மொழிகளுக்குப் பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் எழுதிய நிரலைத் தன்னார்வலர் ஒருவர் படித்துக் கருத்துச் சொல்லும் வசதியும் அங்கு உண்டு. எலிக்சர், ஹாஸ்கல், ராக்கு மூன்றும் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு டிசம்பரிலும் நடைபெறும் அட்வென்ட் ஆஃப் கோட் புதிர்களைச் சிறிய மொழிகளில் தீர்த்துப் பகிர்ந்துகொள்வோர் பலர்; புதியவர் நுழைய அது நல்ல பருவம். 18 வயது நிரம்பியவர்கள் கூகல் நிறுவனம் 2005 முதல் நடத்தும் கூகல் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தைப் பாருங்கள். திறந்த மூலத் திட்டங்களில் வழிகாட்டியோடு பணியாற்ற உதவித்தொகையும் தருகிறார்கள். முன்பு மாணவர்களுக்கு மட்டும் இருந்த வாய்ப்பு, 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களுக்கும் உண்டு.

ஒரு குழுவில் சேருமுன் இரண்டு வாரம் சும்மா படியுங்கள். புதியவர்களின் கேள்விக்கு அங்கே எப்படிப் பதில் வருகிறது என்று கவனியுங்கள். நடத்தை விதிகள் எழுதப்பட்டிருக்கின்றனவா, மீறுகிறவரை யாராவது தட்டிக் கேட்கிறார்களா என்று பாருங்கள். ஏளனம் செய்யும் குழு என்றால் வெளியே வந்துவிடுங்கள். அது உங்கள் தோல்வி அல்ல. அடையாள அட்டை எண், கைப்பேசி எண், பள்ளி, வீட்டு முகவரி எதையும் அங்கே கொடுக்காதீர்கள். தனியாகப் பேச அழைப்போரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பள்ளி மாணவர்கள் பெற்றோருக்குத் தெரியச் சேருவதே நல்லது.

பெற்றோரும் ஆசிரியர்களும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பிள்ளை கணினியில் என்ன செய்தான் என்று கேட்பதோடு, இன்று யாரிடம் என்ன கேட்டான் என்றும் கேட்டுப் பாருங்கள். பள்ளிக் கணினிக் கழகங்கள் ஆண்டுக்கு ஒரு சிறிய நிரல்மொழியைத் தேர்ந்தெடுத்து, ஐந்தாறு மாணவர்களாகச் சேர்ந்து கற்கச் செய்யலாம். ஒருவர் எழுதிய கேள்வியை மற்றவர்கள் படித்துத் திருத்திய பின் அனுப்பலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. இருக்கும் கணினியும் இணைய இணைப்பும் போதும்.

மாணவர்களே, உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து, நீங்கள் கேட்ட அதே கேள்வியோடு இன்னொருவர் வந்து நிற்பார். அவருக்குப் பதில் சொல்ல மிகப் பொருத்தமானவர் நீங்கள்தான். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு, எது புரியவில்லை என்பதே மறந்துபோயிருக்கும். உங்களுக்கு அது இன்னும் நினைவில் இருக்கும். அவருக்கு நாலு வரி எழுதுங்கள். உரிய பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். இதுகூடத் தெரியாதா என்று மட்டும் கேட்காதீர்கள்.